யாருக்கு ‘ஃபிட்’? ஐ.டி. துறை எண்ண மறுக்கும் சாதிக் கணக்கு

“ஐ.டி.யில் சாதி கிடையாது.”

சில மாதங்களுக்கு முன் சென்னையில் நடந்த ஒரு கணினித் தொழில்நுட்ப மாநாட்டில், இரண்டே நாட்களில் பதினொரு பேர் என்னிடம் இதைச் சொன்னார்கள். வங்கிகளுக்கும் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் மென்பொருள் செய்துதரும் நிறுவனங்களின் டெலிவரி மேனேஜர்கள், ஆர்க்கிடெக்ட்கள், எச்.ஆர். தலைவர்கள். ஐ.டி. நிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறை பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. எனவே எல்லோரிடமும் ஒரே கேள்வியை முதலில் கேட்டேன்: உங்கள் குழுவில் தலித்துகள் எத்தனை பேர்? ஒருவரிடமும் எண் இல்லை. “நாங்க அதெல்லாம் பாக்கறதே இல்ல” என்பதே பொதுவான பதில். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் வேறு.

எண்ணியே பார்க்காத ஒன்றை இல்லை என்று இவர்களால் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது?

ஊரைக் கேட்டால் சாதி தெரியும்

சாதி பார்ப்பதில்லை என்று சொன்ன அதே மனிதர்கள், தேநீர் இடைவேளையில் என்னிடம் கேட்டவற்றை அப்படியே தருகிறேன். “தம்பிக்கு எந்த ஊரு?” காஞ்சிபுரம் பக்கம் என்றேன். “ஓ, பட்டு நெசவா?” இல்லை. “காஞ்சிபுரத்துல எங்க?” திருப்புட்குழி. “அட, திவ்ய தேசமாச்சே! விஜயராகவப் பெருமாள். ராமானுஜர் படிச்ச ஊரு. கோயில் பக்கத்துலயா வீடு?” இல்லை சார், காலனி.

அதோடு கோயில் பேச்சு முடிந்தது. அடுத்த கேள்வி, “பி.எச்டி.க்கு ஃபெல்லோஷிப் வருதா? உங்களுக்கெல்லாம் கவர்மென்ட்ல நிறைய இருக்குமே.”

இதில் வசைச்சொல் எதுவும் இல்லை. புகார் எழுதினால் எந்த அதிகாரியும் இதைக் குற்றமாகப் பதிவு செய்யமாட்டார். ஆனால் நான்கே கேள்விகளில் என் சாதியைக் கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டார் அந்த மனிதர். மேடையில் அவர் பேசிய தலைப்பு, பணியிடத்தில் பன்முகத்தன்மை.

தமிழ்நாட்டில் இந்தச் சுற்றுவழி விசாரணை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டது. அதன் விளைவாக, பிற மாநிலங்களைப் போலப் பெயர்ப்பலகையைப் பார்த்தே சாதியைப் படித்துவிட இங்கே முடிவதில்லை. எனவே ஊர், தெரு, குலதெய்வம், அப்பாவின் தொழில், ‘நான்வெஜ் சாப்பிடுவீங்களா’ என்று வேறு வாசல்கள் வழியாக வருகிறார்கள். முதுகில் தட்டிக்கொடுக்கிற சாக்கில் பூணூல் இருக்கிறதா என்று தோளைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி அமெரிக்காவில் பணிபுரியும் தலித் பொறியாளர்கள் பலமுறை பேசியிருக்கிறார்கள். சாதி பார்க்காதவர்களுக்கு இத்தனை உழைப்பு எதற்கு?

சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இடையில்

எங்கள் ஊர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது, பாலுசெட்டிச்சத்திரத்துக்கு அருகில். ராவணனோடு போரிட்டு மாண்ட ஜடாயு என்ற பறவைக்கு ராமன் ஈமச்சடங்கு செய்த இடம் என்று தலபுராணம் சொல்கிறது. புள்ளைக் குழியிலிட்டதால் திருப்புட்குழி. பறவைக்கே சடங்கு செய்த கருணையைப் பக்தர்கள் மெய்சிலிர்த்துச் சொல்வார்கள்.

இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வாணியம்பாடி வரும். அதன் அருகே 2019 ஆகஸ்டில், இறந்துபோன ஒரு தலித்தின் உடலை ஆதிக்க சாதியினரின் நிலம் வழியாகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வழி மறுக்கப்பட்டதால், பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. இந்தச் சாலையின் ஒரு முனையில் சென்னையின் டைடல் பார்க். மறுமுனையில் பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டி. இரண்டு முனைகளிலும் வேலை செய்கிறவர்கள் நடுவிலிருக்கும் இந்த ஊர்களிலிருந்தும், இவற்றைப் போன்ற ஊர்களிலிருந்தும் போனவர்கள்தான். சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சாதி உதிர்ந்துவிடுகிறது என்று நம்பச் சொன்னால், அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் காட்டவேண்டியவர்கள் அவர்கள்தான்.

ராமானுஜர் பற்றியும் ஒரு வார்த்தை. யாதவப்பிரகாசரிடம் அவர் வேதாந்தம் பயின்றது எங்கள் ஊரில் என்பது வைணவ மரபு. இன்று அவர் சமத்துவத்தின் சின்னம். 2022 பிப்ரவரியில் ஐதராபாத் அருகே அவருக்கு ‘சமத்துவச் சிலை’ என்ற பெயரில் 216 அடி உயரச் சிலையைப் பிரதமர் திறந்துவைத்தார். அதே நாட்டில், எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக 1970இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியும், 2021 ஆகஸ்டில்தான் முறையான பயிற்சி முடித்த பல சாதி அர்ச்சகர்களை ஒரு தொகுப்பாகப் பணியமர்த்த முடிந்தது. அதையும் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். சமத்துவத்துக்குச் சிலை வைப்பது சுலபம், கருவறைக்குள் விடுவது கடினம். ஐ.டி. நிறுவனங்களின் ‘டைவர்சிட்டி’ சுவரொட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த வித்தியாசம்தான் தெரிகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

‘இதெல்லாம் உங்கள் தனிப்பட்ட அனுபவம்’ என்பார்கள். சரி, தனிப்பட்ட அனுபவத்தை விடுவோம்.

2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை உயர்சாதி இந்துப் பெயரிலும், தலித் பெயரிலும், முஸ்லிம் பெயரிலும் அனுப்பினார்கள். மொத்தம் ஏறத்தாழ 4800 விண்ணப்பங்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. படிப்பு ஒன்று, மதிப்பெண் ஒன்று, பெயர் மட்டும் வேறு.

அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெருநிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டு எழுதிய ஆய்வு வெளிவந்தது. ஏறக்குறைய எல்லோருமே தகுதியை மட்டும்தான் பார்க்கிறோம் என்றார்கள். அதே மூச்சில், விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’ மிக முக்கியம் என்றும் சொன்னார்கள். அப்பா படித்தவரா, எங்கே வளர்ந்தார், வீட்டில் என்ன சூழல்? தகுதி தனிமனிதருடையது என்றால் அப்பாவை ஏன் விசாரிக்கவேண்டும்?

2012இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் வந்த ஆய்வு, இந்தியாவின் முதல் 1000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை எடுத்துப் பார்த்தது. உறுப்பினர்களில் 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்த்து 3.5 விழுக்காடு.

கடல் கடந்தால் மாறுமா? 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநில அரசின் துறையே சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் பொறியாளர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார், எதிர்த்துக் கேட்டதற்காக அவர் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் இரண்டு தனிநபர்கள் மீதான வழக்கை அரசுத் துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், அது திறந்துவிட்ட வாய்களை மூட முடியவில்லை. அதே 2020இல் கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களில் பணிபுரியும் 30 தலித் பெண் பொறியாளர்கள் கூட்டாக அறிக்கை விட்டார்கள். 2022 ஏப்ரலில் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுள் ஊழியர்களிடம் சாதி பற்றிப் பேசவிருந்த நிகழ்ச்சி எதிர்ப்புக் கிளம்பி ரத்தானது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் இரு அவைகளிலும் நிறைவேறிய சட்ட முன்வடிவை ஆளுநர் ரத்து செய்தார். அதை எதிர்த்து அங்கே திரண்டவர்களில் ‘சாதி இல்லை’ என்ற நம் ஆட்கள் எத்தனை பேர் என்பதையும் பார்த்தோம்.

ரெஃபரல் என்னும் புதிய அக்ரகாரம்

மாநாட்டில் எச்.ஆர். தலைவர் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: “எங்க பெஸ்ட் ஹயரிங் ரெஃபரல்ல வர்றதுதான். எம்ப்ளாயி தனக்குத் தெரிஞ்சவரக் கொண்டுவருவாரு, செலவு மிச்சம்.” சேர்ந்தால் பரிந்துரைத்தவருக்குப் போனஸும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். ஒருவருக்குத் ‘தெரிந்தவர்’ யார்? அகமணம் கோலோச்சும் சமூகத்தில் உறவினர் அத்தனை பேரும் ஒரே சாதி. பக்கத்து வீட்டுக்காரர், ஊர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படி. நண்பர், பள்ளி எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படி. முதல் தலைமுறையில் ஐ.டி.க்குள் நுழைந்தவர்கள் யாரோ, அவர்களின் அத்தை மகனும் அபார்ட்மென்ட் நண்பரும்தான் இரண்டாம் சுற்றில் வருவார்கள். என் காலனியில் பொறியியல் படித்த பெண்ணுக்கு ரெஃபர் செய்ய உள்ளே எவரும் இல்லை. அவள் விண்ணப்பம் இணையதளம் வழியாகப் போய், பல்லாயிரத்தில் ஒன்றாகக் கிடக்கும்.

அதையும் தாண்டி நேர்முகத்துக்குப் போனால் ‘கல்ச்சர் ஃபிட்’. எங்களோடு ஒத்துப்போவாரா? ஆங்கில உச்சரிப்பு, வார இறுதியில் என்ன செய்வார், எந்தச் சாப்பாடு, எந்த நகைச்சுவை. யாருடைய ‘கல்ச்சரில்’ ஃபிட் ஆகவேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இப்போது இதற்கு இயந்திரமும் வந்துவிட்டது. மாநாட்டின் அரங்குகளில் பாதிக்குமேல் செயற்கை நுண்ணறிவுதான். விண்ணப்பங்களைத் தானே வடிகட்டும் மென்பொருளைக் காட்டிய இளைஞர், “மனுஷனுக்குத்தான் பாரபட்சம் ப்ரோ, மெஷினுக்குக் கிடையாது” என்றார். அமேசான் நிறுவனம் இப்படி ஒரு கருவியை உருவாக்கி, அது பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளுவதைக் கண்டு கைவிட்டது 2018இல் செய்தியானது. காரணம் எளிது. அதற்கு முன் பத்தாண்டுகளில் நிறுவனத்துக்கு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதைப் பார்த்துப் பழகிய இயந்திரம் ஆணையே தகுதி என்று கற்றுக்கொண்டது. அங்கே பாலினத்தை எண்ணியதால் பாரபட்சம் வெளியே தெரிந்தது. நம் இயந்திரங்கள் ஊர்ப்பெயரையும் பள்ளிப்பெயரையும் கல்லூரிப்பெயரையும் வைத்து என்ன கற்றுக்கொள்கின்றன என்று சோதிக்க, சாதித் தரவே இல்லை. இதை நான் கேட்டபோது அந்த இளைஞர் சொன்னது: “அந்த ஃபீல்டு எங்ககிட்ட கிடையாது.”

எண்ணுவதற்கு வந்த இயந்திரம்

மாநாட்டின் பேச்சாளர் ஒருவர் காஞ்சிபுரத் தறியின் படத்தைத் திரையில் போட்டு, “கோடிங் நம்ம மண்ணோட ரத்தத்துலயே இருக்கு” என்றார். கைதட்டல் அடங்கவே நேரமானது.

ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகள் நெசவின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன, அந்த யோசனையைச் சார்லஸ் பாபேஜ் தன் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் காஞ்சிபுரத் தறியில் ரத்தம் யாருடையது என்பதை அவர் சொல்லவில்லை. 2003இல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, முன்பணக் கடனுக்கு ஈடாகப் பட்டுத் தறிகளில் கட்டிப்போடப்பட்ட குழந்தைகளைப் பற்றிக் காஞ்சிபுரத்தையும் சேர்த்து ஆவணப்படுத்தியது. அவர்களில் பெரும்பாலோர் தலித், பிற்படுத்தப்பட்ட, முஸ்லிம் குழந்தைகள். அந்தக் குழந்தைகளுக்கு இன்று முப்பது வயதுக்கு மேல். அவர்கள் அந்த மாநாட்டு அரங்கில் இல்லை.

இன்னொன்றையும் அவர் விட்டுவிட்டார். துளை அட்டையை முதன்முதலில் பெரிய அளவில் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தியது 1890இல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஹெர்மன் ஹாலரித் செய்த அந்த இயந்திரத்தின் வழியில் வந்த கம்பெனிதான் பின்னாளில் ஐ.பி.எம். ஆக, மனிதர்களை வகைபிரித்து எண்ணுவதற்காக வளர்ந்த தொழில் இது. வாடிக்கையாளரின் ஒவ்வொரு சொடுக்கையும் எண்ணுகிற இந்தத் தொழிலுக்குத் தன் ஊழியர்களில் எத்தனை தலித்துகள் என்று மட்டும் எண்ணத் தெரியவில்லை!

தெரியாமல் இல்லை, வேண்டாம் என்றுதான். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களில் ஆண், பெண், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிடவேண்டும் என்பது 2022–23 நிதியாண்டு முதல் செபியின் கட்டாய விதி. அந்தப் படிவத்தில் ஊழியர்களின் சாதிக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

‘தகுதி’ என்ற கடைசி அரண்

ஐ.டி. துறையால் தலித்துகளும் பிற்படுத்தப்பட்டோரும் முன்னேறவில்லையா என்று கேட்பார்கள். முன்னேறியிருக்கிறார்கள். என் தெருவிலேயே இரண்டு வீடுகள் ஐ.டி. சம்பளத்தில் மாடி கண்டவை. ஆனால் அந்தக் கதவைத் திறந்தது யார்? 69 விழுக்காடு இடஒதுக்கீடு. 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு ஒழிப்பு. 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை. 2021 முதல் பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு. இவை ஒவ்வொன்றையும் ‘தரம் கெட்டுவிடும்’ என்று எதிர்த்த குரல்கள் உண்டு. தரம் கெட்டதா? தமிழ்நாட்டுப் பொறியாளர்களை நம்பித்தானே இத்தனை கம்பெனிகள் இங்கே வந்து குவிந்தன? சமூகநீதி உருவாக்கிய பொறியாளர்களை வைத்துச் சம்பாதித்துக்கொண்டே சமூகநீதியைத் தகுதிக்கு எதிரி என்பது நன்றிகெட்ட பேச்சு.

தகுதி என்ற சொல் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட நூலில் சென்னை ஐ.ஐ.டி.யை வைத்தே விளக்கியிருக்கிறார். பல தலைமுறைச் சாதி மூலதனம், ‘நான் சாதியற்றவன், திறமைசாலி’ என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. இடஒதுக்கீட்டில் வந்தவருக்கு மட்டும் சாதி ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பதினொரு பேரும் சொன்ன ‘சாதி கிடையாது’ என்பதன் பொருள் இதுதான்: எங்களுக்குக் கிடையாது, உங்களுக்கு மட்டும்தான் உண்டு.

நாம் கேட்கவேண்டியவை

முதலாவது, எண்ணிக்கை. வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கணக்கெடுக்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. வீடு வீடாகப் போய் எண்ண முடிந்தால் அலுவலகங்களிலும் எண்ணலாம். எந்தப் பதவிநிலையில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்பதைத் தனிநபர் அடையாளம் வெளியாகாமல் ஆண்டறிக்கையில் வெளியிடவேண்டும். செபி படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட யாருடைய அனுமதி வேண்டும்?

இரண்டாவது, புகார் அமைப்பு. விசாகா தீர்ப்பு 1997இல். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் அதற்கான உள்ளகக் குழு கட்டாயம். சாதிக்கு அப்படி எதுவும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அவமதிப்புப் பிரிவு ‘பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம்’ என்று கேட்கிறது. மூடிய அறையில் நடக்கும் அப்ரைசல் அதற்குள் எளிதில் வராது. நடத்தை விதிகளில் மதம், இனம் என்ற பட்டியலோடு சாதி என்றும் எழுதிவைத்த நிறுவனங்கள் உண்டு. ஆப்பிள் 2020இல் அப்படிச் சேர்த்தது. ஆனால் சொல் மட்டும் போதாது. புகாரைக் கேட்கத் தலித் உறுப்பினர் உள்ள குழு வேண்டும், பழிவாங்கலுக்குத் தண்டனை வேண்டும்.

மூன்றாவது, தனியார் துறை இடஒதுக்கீடு. அரசு நிலத்திலும், அரசுச் சலுகையிலும், அரசு கட்டிய பூங்காக்களிலும் எழுந்து நிற்கும் தொழில் ‘நாங்கள் தனியார்’ என்று சொல்ல உரிமை கிடையாது. ‘உள்ளூர்க்காரருக்குத் தனியார் வேலையில் 75 விழுக்காடு’ என்று ஆந்திராவும் ஹரியானாவும் சட்டமே இயற்றின. ஹரியானாவின் சட்டத்தை 2023இல் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது வேறு விஷயம். அரசுகள் விரும்பினால் தனியார் வேலைக்குச் சட்டம் எழுதத் துணிகின்றன என்பது தெரிகிறது அல்லவா? தலித்துகள் என்று வரும்போது மட்டும் ஏன் பேனா நகரவில்லை?

இதை நான் காஞ்சிபுரத்துக்காரனாகக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். பெரியார் வெளியேறினார். அன்றும் ‘சாதியைப் பேசினால் ஒற்றுமை கெடும், தகுதி கெடும்’ என்றுதான் சொன்னார்கள். ஆனால் 1928இல் வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்தது. 1950களின் தொடக்கத்தில் நீதிமன்றம் அதை முறித்தபோது தமிழ்நாடு தெருவுக்கு வந்தது; அரசியல் சட்டமே முதல்முறையாகத் திருத்தப்பட்டது. நமக்குக் கிடைத்த ஒவ்வொரு இடமும் யாரோ எண்ணிக்கை கேட்டதால் கிடைத்ததுதான்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஐ.டி.யில் இருக்கிறீர்கள். சாதியை வெளியே சொல்லாமல் உணவு இடைவேளையைக் கடப்பவர்கள் உண்டு. சாதியைப் பற்றி யோசிக்கவே தேவைப்படாதவர்களும் உண்டு. முதல் வகையினர் தனியாகப் போராட வேண்டியதில்லை, ஐ.டி. ஊழியர் சங்கங்கள் இருக்கின்றன, சேருங்கள், இந்தக் கோரிக்கையை அங்கே வையுங்கள். இரண்டாம் வகையினர் அடுத்த டவுன்ஹால் கூட்டத்தில் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேளுங்கள்: நம் நிறுவனத்தில் மேனேஜர்களில் தலித்துகள் எத்தனை பேர்? தெரியாது என்று பதில் வந்தால், எப்போது தெரியும் என்று கேளுங்கள். தேதி சொல்லும்வரை உட்காராதீர்கள்.